நடை அடைத்த வீட்டில் இரண்டு இலைகள்

போன ஆடி அமாவாசைக்கு நான் நாஞ்சில் நாட்டுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, உத்தியோகத்துக்காக. அயல்நாடுகளில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த கோலப்ப பிள்ளையிடம் நான் ஆறு வருஷமாகச் சுருக்கெழுத்தர். மறுபடி கப்பலேறப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் தன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்.

திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்கு பஸ். நாகர்கோவில் ஐம்பது மைல், கட்டணம் ஒரு ரூபாய். இடதுபக்கம் உட்காராதீர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விடும். என்னுடையது போயிற்று. அங்கே திருவிதாங்கூர்ச் சுங்கச்சாவடியில் அரைமணி நேரம் பெட்டியைக் குடைவார்கள். பிரிட்டிஷ் ரூபாயை அந்த ஊர் நாணயமான சக்கரமாக மாற்றிக்கொள்வதும் நல்லது.

வழியில் அவர் தன் கதையைச் சொன்னார். மாமா சட்டசபை உறுப்பினர். தோட்டங்களுக்குக் கூலிகளைக் கப்பலேற்றுவதை எதிர்த்து மேடைக்கு மேடை முழங்கியவர். சகோதரியின் மகனே வாரிசாகும் மருமக்கள் வழிக் குடும்பம், எனவே மாமாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இவர். ஆனால் இவர் அதே கூலிகளின் வழக்குகளைக் கவனிக்கும் அரசு வேலையில் சேர்ந்து இலங்கை, மலேயா, தென்னாப்பிரிக்கா என்று போனார். மாமா ஊரைக் கூட்டி, உயிரோடிருக்கும் மருமகனுக்குப் பிண்டம் வைத்து, இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று வீட்டாரிடம் சத்தியம் வாங்கி, தலைவாசலான முன்நடையையும் அடைத்துவிட்டார். அது ஒன்பது வருஷத்துக்கு முன். நாலு வருஷம் முன்பு மாமாவும் இறந்தார். நடை மட்டும் திறக்கவில்லை.

நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டிப் பக்கம் ஐந்து மைல். ஒற்றைமாட்டு வண்டிக்கு எட்டுச் சக்கரம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். வண்டிக்காரர் பாதி வழியில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க செத்துப்போயிட்டியன்னுல்லா சொன்னாவ" என்றார், சாதாரணமாக. "நான் குளத்தங்கரையில எறக்கிவிடுகேன். வீட்டு முன்னால வரமாட்டேன்."

புறவாசலில் தங்கை பகவதி நின்றிருந்தாள். வருவதாகக் கடிதம் போட்டிருந்தோம். அண்ணன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமாக்க சத்தியத்த அம்மா மீறமாட்டா. ஆனா இண்ணைக்குச் செத்தவியளுக்கு இலை போட்டிருக்கு. மாமாக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. அதுக்கு நீங்க வரலாம். வாய் தொறக்கப்பிடாது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கதவு வழியாக, இலை போட்டிருந்த படைப்பறைக்குள் போனார். பகவதி கதவைச் சாத்தினாள். நான் சமையல்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அறையின் இன்னொரு கதவு அங்கே மூடியிருக்க, அதன் முன் அம்மா உட்கார்ந்திருந்தார். நடுப்பகல்தான், ஆனாலும் முன்நடை அடைத்திருந்ததால் விளக்கு எரிந்தது. செத்தவர்கள் உண்டு முடிக்கும்வரை வருஷத்துச் சேதிகளை அவர்களிடம் சொல்வது அந்த வீட்டு வழக்கம்.

"அண்ணா, வடக்கு வயல்ல நடவு முடிஞ்சாச்சு. பகவதிக்க மக சடங்காயிட்டா. கோலப்பா, உனக்குப் புளிசேரின்னா உசிராக்கும். ரெண்டு அகப்பை கூட வச்சிருக்கேன்."

உள்ளே பப்படம் நொறுங்கியது. அம்மா பேச்சை நிறுத்தினார். ஒன்பது வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட முதல் சத்தம் அதுதானாம். மந்திரிகளுக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர் உள்ளே பேசாமல் உண்டுகொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உரமூட்டை விலையைச் சொல்லத் தொடங்கினார்.

பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா மூன்று முறை கைதட்டி, அறைக்கதவைத் திறந்தார். சாவு வீட்டில் உண்டவர்கள் இலையை வெளிப்பக்கமாக மடக்குவார்கள். இன்னும் வருவேன், உறவு இருக்கட்டும் என்றால் தன்பக்கமாக. செத்தவர்களுக்குப் போட்ட இலையோ மடங்குவதே இல்லை. அன்று இரண்டு இலைகளுமே உண்பவர் பக்கமாக மடங்கிக் கிடந்தன.

அம்மா வெகுநேரம் மாமாவின் இலையையே பார்த்தார். "அண்ணனும் மடக்கியாச்சு. இனி என்ன?" என்று எழுந்துபோய் முன்நடையின் தாழை இழுத்தார். துருப்பிடித்த தாழ், பகவதியும் நானும் கைகொடுத்தோம். உண்டுவிட்டுப் போய்த் தூரத்துக் குளத்தங்கரையில் நின்றவரைப் பார்த்து, "நடைவழியா ஏறி வா மக்கா" என்றார். அவர் குழந்தை மாதிரி ஓடிவந்தார். அம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார்.

இந்த வழியாகப் போகிறவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து திரும்பும் கடைசி பஸ் மாலை நாலு மணி. நாங்கள் அதைத் தவறவிட்டோம், அம்மா விடவில்லை. ஆடி அமாவாசையன்று இங்கே எந்த வீட்டிலாவது அறைக்கதவு சாத்தியிருந்தால் தட்டாதீர்கள், உள்ளே யார் என்றும் கேட்காதீர்கள். நான் கேட்டதால் சொல்கிறேன்.

மறுநாள் கணவாயில் பஸ் நின்றபோது, "ரெண்டு இலையையும் மடக்கினது நல்ல யோசனை சார்" என்றேன்.

"என் இலையை மட்டும்தான் மடக்கினேன்" என்றார்.

பேரம் பேசும்போது அவர் சொல்லும் பொய்களை ஆறு வருஷமாகக் குறிப்பெடுத்தவன் நான். பொய் சொல்லும்போது அவர் குரல் தெளிவாக இருக்கும். அன்று திக்கியது. அதற்குமேல் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.