மலக்கி அடைத்த குழாய்

அயர்லாந்தின் ராஸ்காமன் பக்கத்து மலக்கி டூகி அறுபத்திரண்டு வருடமும் அண்டை வீட்டார் மெச்சுவதற்காகவே வாழ்ந்தவன். 1987 அக்டோபரில் பாதிரியார் வந்து ஜெபிக்கும் ஊர்ப்பூசையை வீட்டில் நடத்தும் முறை அவனுக்கு வந்தது. உடனே, சதுப்புக்கரி எரியும் பழைய அடுப்போடு வீடு முழுக்கச் சூடேற்றும் எண்ணெய்க் கொதிகலன் ஒன்றையும் இணைக்கச் செய்தான்.

"பரணுக்குப் போற இந்தக் குழாய அடைச்சிடாதீங்க. அடுப்புல தண்ணி கொதிச்சா ஆவி இது வழியாத்தான் போகணும்," என்றார் குழாய்க்காரர் ஃபின்டன்.

சூடு வீணாவதாவது! அவர் போனதும் மலக்கி அதில் மரக்கட்டையை அடித்து இறுக்கினான்.

பூசையன்று காலை எட்டு இருபதுக்கு இரண்டையும் மூட்டினான். அரைமணியில் சுவருக்குள் ஓடும் குழாயெல்லாம் இடிபோல் முழங்கின.

"அடைச்சிட்டியாய்யா, மரமண்டை!" என்று கத்திய மனைவி நூலா, வீடு வெடிக்குமுன் நெருப்பை அள்ளி முற்றத்தில் கொட்டி, எண்ணெயையும் நிறுத்தினாள்.

பாதிரியாரும் ஊராரும் குளிரில் கோட்டைக் கழற்றாமலே ஜெபித்தார்கள்.

"ஃபின்டனுக்குத் தொழிலே தெரியல, ஃபாதர்," என்றான் மலக்கி.

நூலா, பக்கத்தில் நின்ற மலக்கியை விட்டு, பாதிரியாருக்கு மட்டும் தேநீரை ஊற்றினாள்.