மாடி அறையில் முளைத்த வாழை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. வாழைக் குருத்தின் நுனியை வெட்டி, பாட்டிலுக்குள் வைத்தே கன்றுகளை உண்டாக்கும் திசு வளர்ப்பில் அவளுக்குத் தீராத ஆசை. எங்கள் மாடி அறையிலேயே தொடங்கினாள்.

கிருமி சாக, பிரஷர் குக்கரில் ஜாம் பாட்டில்களை வேகவைப்பாள். சர்க்கரையும் உப்புகளும் கடல்பாசியும் கலந்த கூழை ஊற்றி, அதில் குருத்தை வைத்து மூடுவாள். சில நாட்களில் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்துவிடும். கொட்டிக் கழுவி மறுபடியும் வைப்பாள்.

ஒரு சாயங்காலம் பொறுக்காமல், "இது ஆவற காரியமா புள்ள?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நூறு வருசத்துக்கு முந்தியே ஐரோப்பாவுல ஒருத்தரு, ஒத்தச் செல்லுல இருந்து முழுச் செடியே வரும்னு சொன்னாருங்க. அவரு வெச்ச செல்லுங்க உசுரோட இருந்துச்சு, ஆனா ஒண்ணுகூட ரெண்டாப் பிரியல. அதையும் மறைக்காம எழுதுனாரு. பின்னால வந்தவங்க செஞ்சு காட்டுனாங்க. எனக்குப் பூஞ்சணம் மட்டுந்தானுங்க தொந்தரவு."

"அது எங்கிருந்து வருது?"

"காத்துல."

காற்றென்றால் அது என் வேலை. தகடு வெட்டி, முன்பக்கம் கண்ணாடி வைத்து, லாரிக் கதவுக்குப் போடும் ரப்பரால் இடுக்குகளை அடைத்து ஒரு பெட்டி செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து நல்ல ஃபில்டர் வாங்கி வந்து, வடிகட்டிய காற்று மட்டும் உள்ளே வரும்படி ப்ளோயர் பொருத்தினேன். அதற்குள் கைவிட்டுத்தான் அவள் குருத்தை வெட்டினாள்.

பாட்டில்கள் தெளிவாகவே இருந்தன. ஒருநாள் பட்டறைக்குப் போன் செய்து, "உடனே வாங்க" என்றாள். ஓடினேன். கிரீஸ் கையைப் பார்த்து, வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அங்கிருந்தே பார்த்தேன். விரல் நுனி போலப் பச்சைத் தளிர்கள், கூட்டமாக.

அவை வேர்விட்டு வளர்ந்ததும், கன்றுகளை எருமப்பட்டியில் மச்சான் தோட்டத்தில் நட்டோம். மரங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே அளவில் தார் தள்ளின. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று கேட்டார்:

"கன்னு எந்தூருல வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. எந்தங்கச்சி உண்டாக்குனது" என்றார் மச்சான். பிறகு என் தோளைத் தட்டி, "பொட்டி கட்டுனது எங்க மாப்பிள்ளைங்க" என்றார்.

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவளோ எங்களைக் கவனிக்கவே இல்லை. ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.