காசிம் அண்ணன் எழுதாமல் விட்ட சரணம்

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்காக ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். தபேலா வாசிக்கும் மாரிமுத்து வாசலிலேயே நின்று சொன்னார்: "அந்தோணி அண்ணே, கட்டுனத பிரிங்க. காசிம் அண்ணன் காலையில போயிட்டாரு."

பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை அவர் குரலைக் கேட்காத தமிழர் குறைவு. தாமே எழுதுவார், தாமே மெட்டுக் கட்டுவார், தாமே பாடுவார். பதினான்கு ஆண்டுகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்; வாசித்ததைவிடச் சண்டை போட்டதே அதிகம். இனி யாரோடு சண்டை போடுவேன் என்பதுதான் என் முதல் துக்கம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டுக்கும் கடைசிச் சரணத்தை முன்கூட்டி எழுத மாட்டார். கச்சேரி நாளன்று மத்தியானம் அந்த ஊர் பாசாரை, அதாவது சந்தையைச் சுற்றுவார். மீன்காரி, ரிக்‌ஷாக்காரர், யாரையும் விடமாட்டார். அன்றைக்கு ஊரில் என்ன நடந்ததோ அது சாயங்காலம் சரணமாக வரும். ஒருமுறை ஈப்போவில் வெயில் தாங்காமல், "எழுதி வச்சுப் பாடினா என்ன அண்ணே?" என்று சீறினேன். "பாட்டோட தலை என்னுது, வால் ஊரோடது. ஊரான் பொருள நான் எப்படிப்பா வீட்டுல வச்சுக்கிறது?" என்றார்.

அவர் மறைந்து ஒரு மாதம் கழித்து, பினாங்கு சூலியா தெருவுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு அவர் பாட்டுகளுக்கென்றே ஒரு கச்சேரி ஏற்பாடாயிற்று. பாட வந்த இரண்டு பேரும் கிராமபோன் பிளேட்டைக் கேட்டே பாடம் செய்திருந்தார்கள். பிளேட்டு பதிவானது சிங்கப்பூரில், ஓர் அடைமழை நாளில். ஆகவே அதன் கடைசிச் சரணம் முழுக்க மழை. இங்கே பினாங்கிலோ துறைமுகத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குழாய் வறண்டு கிடந்தது.

"இத இங்க பாட முடியாது" என்றேன்.

விழாத் தலைவர் ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனிதர். "ஏன் அண்ணே சூசா, என்ன கஷ்டம்? அந்த இடத்துல பிளேட்டையே ஓட விடலாம் லா. அவரு குரலே வந்துடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிளேட்டு ஓடினா என் ஆர்மோனியப் பெட்டி பேசாது" என்றேன். அன்று மழைப் பாட்டோடு முடித்திருந்தால், அவர் பாட்டு அன்றோடு பிளேட்டுக்குள் போய் அடைந்திருக்கும். அதை நான் விடுவதாக இல்லை.

எனக்குக் கவி வராது; குரலும் கரகரப்பு. ஆனாலும் மத்தியானம் பாசாருக்குப் போனேன். ஒரு வெற்றிலைக் கடைக்காரர், எட்டு நாளாய்த் தண்ணீர் இல்லை என்றார்; அதோடு வெயிலுக்குப் பயந்து திரும்பிவிட்டேன். சாயங்காலம் கடைசிச் சரணம் வந்ததும் நானே பாடினேன்:

"எட்டு நாளாய்க் குழாய் இருமுது,
எங்கள் குடத்தில் வெயில் நிறையுது."

உடனே பின்வரிசையில் நின்றிருந்த வரிசை வீட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடினார்கள். மாரிமுத்து அழுதுகொண்டே தாளம் போட்டார். மூன்று முறை பாடியும் விடவில்லை.

முடிந்ததும் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மேடையருகே வந்தாள். பாராட்டப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எட்டு இல்ல அண்ணே, பதினோரு நாளு. காசிம் அண்ணனா இருந்தா எங்க வீட்டுப் பக்கம் வந்து கேட்டிருப்பாரு."

வெட்கமாகத்தான் இருந்தது. அவர் குரல் எனக்கு வராது, கவியும் வராது. அவர் அலைந்த அலைச்சலை மட்டும் என்னுடையதாக வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கெலுகோரில் கச்சேரி; காலையிலேயே போய்விடுவேன். இம்முறை குடம் தூக்குகிறவர்களிடமே கேட்பேன்.