டீச்சர் தாண்டிப்போன நாலு வரி

கொக்கி அக்காவுக்குக் கோபமே வராது என்று அந்தத் தையல் கம்பெனியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சுத்தப் பொய். வரும், கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு வரும், அவ்வளவுதான்.

மிஷின்கள் ஓடுகிற கூடம் கீழே. மேல்மாடியில் நீளமான ஓர் அறை. அங்கே பதினாலு பெண்கள் உட்கார்ந்து கொக்கி வைப்பார்கள், பொத்தான் தைப்பார்கள், நூல் பிசிறு வெட்டுவார்கள். எல்லாம் கைவேலை, சத்தம் கிடையாது. அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி வாரப் பத்திரிகையை வாசிப்பாள். மற்ற பதின்மூன்று பேரும் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். வாசிப்பவளின் பங்குத் துணியையும் அவர்களே பிரித்துத் தைத்துவிடுவார்கள். துணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் போதும் என்று மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார்.

வழக்கத்தைத் தொடங்கிவைத்தவளே கொக்கி அக்காதான். ஏழு வருஷத்துக்கு முன் அவளுடைய சிநேகிதிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. மேனேஜருக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "இவ வாசிக்கட்டும்டி. இவ பங்குல பாதி என் தலையில. மீதியை நீங்க பாத்துக்குங்க," என்றாள் அக்கா. அன்றிலிருந்து அந்தச் சிநேகிதிக்கு டீச்சர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடப் பாடம் எடுத்தவள் இல்லை. ஆனால் குரல், அடடா, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அந்த வருஷம் பத்திரிகையில் ஒரு விண்வெளித் தொடர்கதை வந்தது. பனி மூடிய ஒரு கிரகத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாலாயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்கள் மேல் நெருப்பைக் கொட்டச் சொல்லி ஒரு போர்க்கப்பலை அனுப்புகிறார்கள். அதை ஓட்டுகிறவன் நடுவானில் கப்பலைத் திருப்பி, எதிரிகள் பக்கமே போய்ச் சேர்ந்துவிடுகிறான். அந்த வாரம் டீச்சர் வாசித்து நிறுத்தியபோது பதின்மூன்று ஊசியும் அப்படியே நின்றன. கப்பல்காரன் நல்லவனா கெட்டவனா என்று ஒரே ரகளை. "சோறு போட்டவங்களை விட்டுட்டு ஓடினவன் என்னடி நல்லவன்?" என்றாள் பொத்தான்காரி. "பச்சைக் குழந்தைங்களைக் கொல்லச் சொன்னா கொல்லணுமா?" என்று கொக்கி அக்கா சீறினாள். அவளுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம்.

இதற்கிடையில் ஒருநாள் கீழே இஸ்திரி மேஜையில் துணி கருகிப் புகை மேலே வந்தது. எல்லோரும் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புகையும் அடங்கிவிட்டது. ஆனால் பூட்டு அப்படியே தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் கொக்கி அக்கா பேச்சை எடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து, பூட்டை எடுக்கும்வரை ஊசியைத் தொடுவதில்லை என்று ஏழு பேர் முடிவு செய்தார்கள். அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சியும் அதில் ஒருத்தி. அக்காதான் அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவள். தங்கச்சி வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். டீச்சர் சேரவில்லை. அவள் விரல் இருக்கிற நிலைமையில் யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலமே கேட்டில் வைத்து ஆறு பேரின் பெயரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவது பெயரைக் கூப்பிடவில்லை. அது கொக்கி அக்காவின் பெயர்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் பின்கதவில் பூட்டு இல்லை! அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அக்காவால் முடியவில்லை. அறையே அவளை ஒரு மாதிரி பார்த்தது. பேச்சைத் தொடங்கியவள் இவள், தப்பித்தவளும் இவள் மட்டும். அப்புறம் என்ன நினைப்பார்கள்? சாயங்காலம் வீட்டுக்குப் போனவளைத் தங்கச்சி வாசலிலேயே நிறுத்தி, "நீதானே சொன்ன? வாயைத் திறந்து சொல்லிடு," என்று கேட்டாள். அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள் தங்கச்சி. தான் தூக்கி வளர்த்த பெண் அப்படி முகத்திலடித்த மாதிரி சாத்தியதை அக்காவால் தாங்கவே முடியவில்லை. அழுத அழுகையை டீச்சரின் தோளில்தான் அழுதாள். டீச்சரும் முதுகைத் தடவி, "விடுக்கா, காலம் வந்தா அவளே புரிஞ்சுக்குவா," என்றாள். எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அந்த வியாழக்கிழமை டீச்சர் வாசித்த பகுதியில், எதிரிகள் கப்பல்காரனை விசாரித்தார்கள். பிறகு சூடாகச் சாப்பாடு போட்டார்கள். ஊர் பிழைத்தது. வாசித்து முடித்ததும் டீச்சர் வழக்கத்துக்கு மாறாக, "சொல்லுங்கடி, அவன் நல்லவன்தானே?" என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். "நல்லவன்தான்," என்றாள் அக்கா. டீச்சரின் கண் கலங்கிவிட்டது. கதையில் எப்படி ஒன்றிப்போகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழன் டீச்சருக்குக் காய்ச்சல். பத்திரிகை வந்துவிட்டது, மதியத்துக்கு மேல் நீயே வாசி என்று அறையில் மிஞ்சியிருந்தவர்கள் அரைமனதாக அக்காவிடம் கொடுத்தார்கள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எல்லோர் முன்னாலும் திக்கினால் மானம் போகும் என்று, சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். முதலில் இருந்தது முன்கதைச் சுருக்கம். "அது நமக்குத் தெரிஞ்ச கதைதானே," என்று டீச்சர் எப்போதும் தாண்டிப்போய்விடுகிற நாலு வரி.

அதில் இப்படிப் போட்டிருந்தது: விசாரணையில் கப்பலின் விமானி, தன்னோடு கப்பலில் ரகசியமாகத் திட்டம் போட்ட தோழர்களின் பெயர்களை எதிரிகளிடம் சொல்லிவிடுகிறான், உயிர்த்தோழன் பெயரை மட்டும் மறைக்கிறான்.

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். போன வாரம் டீச்சர் வாசித்ததில் இது வரவே இல்லை. இதை ஏன் எங்களிடம் மறைத்தாள்? யோசிக்க யோசிக்க, கேட்டில் கூப்பிடாமல் விட்ட அந்த ஏழாவது பெயர் நினைவுக்கு வந்தது. பத்திரிகையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த கொக்கிகளைத் தைத்து முடித்துவிட்டு, சாயங்காலம் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் போர்வைக்குள் இருந்தாள். பத்திரிகையைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"மேனேஜர் கூப்பிட்டாருக்கா. விரலை நீட்டுன்னாரு. பாத்துட்டு, யார் யாருன்னு சொல்லு, இல்லன்னா நீ இப்பவே கிளம்புன்னாரு. கதவைத் திறந்து விடுறேன்னும் சொன்னாரு. திறந்தாரா இல்லையா? அங்க இன்னும் எட்டுப் பேர் உசுரோட உக்காந்திருக்கோம்ல?"

"என் பேரு?"

"உன் பேரை எப்படிக்கா சொல்லுவேன்? ஏழு வருஷமா என் துணியைத் தைச்சவ நீ."

"அதுக்குப் பதிலா என்னைக் கொன்னிருக்கலாம்டி! என் தங்கச்சி என் மூஞ்சில முழிக்கமாட்டேங்கிறா. என் கண்ணீரை வேற தொடைச்சியே, பாவி!"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். "அவன் நல்லவன்னு நீயே சொன்னியே. நாலாயிரம் பேரைக் காப்பாத்தினவன் இல்லையா?"

"அந்த நாலாயிரம் பேர்கிட்டப் போய்க் கேளு, சாமின்னு கும்பிடுவாங்க. என்கிட்டக் கேக்காத. நான் அவன்கூடக் கப்பல்ல இருந்தவ," என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு செய். எந்திரிச்சு வா. என் தங்கச்சிகிட்ட உன் வாயால சொல்லிடு. அப்புறம் நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

டீச்சர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஊருக்கே தெரிஞ்சுடும்க்கா. நான் எப்படி அந்த அறைக்குள்ள போவேன்?"

அக்கா தனியாகவே போனாள். நல்லவேளை, தங்கச்சி கதவைத் திறந்தாள். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்: மேனேஜர், விரல், கதவு, கதையில் விட்டுப்போன நாலு வரி. பத்திரிகையைப் பிரித்து அந்த இடத்தை விரலால் தொட்டும் காட்டினாள். தங்கச்சி நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது போல அக்காவுக்குத் தோன்றியது.

"சரி, அவதான் சொன்னான்னே வெச்சுக்குவோம்," என்றாள் தங்கச்சி. "ஏழு பேர்ல உன் பேரை மட்டும் விட்டாளே. எதுக்கு?"

"எங்களுக்குள்ள அவ்வளவு பழக்கம்டி..." என்று அக்கா தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்கு முன்பே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

தங்கச்சி பத்திரிகையை மடித்து அவள் கையில் கொடுத்தாள். "நீ சொன்னா என்ன, உன் ஆளு சொன்னா என்ன? அதைத்தானே நானும் அன்னைக்கே சொன்னேன்," என்றாள்.