சம்பந்தத்தின் சிவப்பு ஸ்லீவ்

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு சம்பந்தம் கண்ணை மூடிக்கொள்கிறார். தலை சற்றே வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உதடுகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ. விரலை உயர்த்தி, இன்னொரு முறை என்று காட்டுகிறார். டிரைவர் திருப்புகிறார். ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் தீர்ப்பு வருகிறது.

"டிக்கு டிக்குனு அடிச்சிக்குதுல்ல, அது பேட்டரி. சத்தமே வரலன்னா வயரு. இதுக்குப் போயி மோட்டாரக் கழட்டறானுங்க. கைக்கு?"

போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்குப் போகும் சாலையில், டயர் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் இடையே இருக்கிறது அவருடைய ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. தக்காளி ஏற்றி வரும் டிரைவர்களிடம் 'செல்ஃப் சம்பந்தம்' என்றால் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரை இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. செல்ஃப்தான்.

வயது ஐம்பத்து நான்கு. கொள்ளுத்தாத்தா வாலாஜாபேட்டையிலிருந்து செகந்திராபாத் பட்டாளத்துக் குதிரை லாயத்துக்கு வேலைக்கு வந்தவர். சம்பந்தம் வாலாஜாபேட்டையை இரண்டு கல்யாணங்களுக்காகப் பார்த்ததோடு சரி. பேச்சில் மட்டும் அந்த ஊர் அப்படியே இருக்கிறது, நடுநடுவே இந்த ஊர் உருதுவும்: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. டிரைவர்களிடம் தெலுங்கு, இளநீர்க்காரரிடம் உருது. வயரைத் திட்டுவது தமிழில்.

மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் அவர் சிவப்பு ரப்பர் ஸ்லீவ் வைத்திருக்கிறார். வயர் ஜாயின்ட்டின் மேல் உறைபோல் மாட்டும் குழாய், ராணிகஞ்சில் மீட்டர் கணக்கில் வாங்கி, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கியது. கறுப்பு எங்கும் கிடைக்கும். "கறுப்பு நக்கோ. சிவப்பப் பாத்தா என் கைன்னு தெரியணும். என் கை பட்ட வயரு ரெண்டாவது தபா வராது."

ஷெட்டின் வாசலில் ஒரு செம்புக் கம்பி தோரணம்போல் தொங்குகிறது. அதில் கோக்கப்பட்டிருப்பவை வயர் நுனிகளிலிருந்து கழற்றிய உடைந்த கனெக்டர்கள், எல்லாம் பிறர் செய்த வேலை. காத்திருப்பவர்களுக்கு அவரே அவற்றை அறிமுகப்படுத்துவார். "இது சுத்தியால தட்டி நசுக்கினது. இது வெறுமனே முறுக்கி டேப் சுத்தினது. இத பாரு, சிகரெட் அட்டக்குள்ள இருக்குற தாள மடிச்சி வெச்சிருக்கான். வண்டின்னு நெனச்சானா, பொட்டலம்னு நெனச்சானா?" பிறகு தன் முறையைச் சொல்வார். கனெக்டரை வயரோடு சேர்த்துக் கிடுக்கியால் இறுக்குவதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். இவர் அதன்மேல் ஈயத்தையும் உருக்கி ஊற்றுவார். "ரெண்டு பூட்டு."

போன வியாழக்கிழமை என் ஸ்கூட்டரின் ஹார்னுக்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, பதினொரு மணிக்கு நீலாவின் வேன் வந்தது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் பதினான்கு பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றிச் செல்லும் வேன். நீலாதான் ஓட்டுகிறார், நீலாவுடையதுதான். என்ஜினை அணைக்காமலே இறங்கினார்.

"அணைச்சிடும்மா."

"அணைச்சா திரும்ப எழுந்திரிக்காதுண்ணா. காலைலயும் நின்னுடிச்சி. பொம்பளைங்க இறங்கித் தள்ளிதான் வண்டி எடுத்தேன். ரெண்டு நாளா லேட்டு. இன்னிக்கு ரெண்டு மணி ஷிஃப்டுக்கும் லேட்டானா டிரிப்ப வேற வண்டிக்குக் கொடுத்துடுவேன்னு அந்த பிரசாத் சொல்லிட்டார்."

பிரசாத் கம்பெனியின் போக்குவரத்துப் பொறுப்பாளர்.

நீலா அணைத்தார். சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார். சாவி திரும்பியது. ஒன்றுமில்லை. டிக் என்றுகூட ஒன்றுமில்லை. அவர் கண்ணைத் திறக்கச் சற்று நேரமாயிற்று.

"நேத்து போன்ல இதத்தானே சொன்னேன்," என்றார் நீலா. "சத்தமே வரல, லைட்டு மட்டும் பளிச்சுனு எரியுதுன்னேன். நீங்க பேட்டரிய மாத்துன்னீங்க."

"சொன்னேன்."

"வயரான்னு கேட்டேன். அது நான் பிப்ரவரில போட்ட வயரு, அதுல வராதுன்னீங்க. புது பேட்டரியும் போட்டாச்சு."

சம்பந்தம் ஒரு பழைய விளம்பர ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து, அதிலிருந்த மூன்று படுக்கையறை வில்லாவின் மேல் மல்லாந்து படுத்து, வேனுக்கு அடியில் நகர்ந்தார். டெஸ்ட் பல்பை செல்ஃபுக்குப் போகும் வயரில் வைத்து, "திருப்பு" என்றார். எரிந்தது. கனெக்டரின் நுனியில் வைத்து, "திருப்பு" என்றார். எரியவில்லை. வெளியே வந்து பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் வயர் ஏதாவது வசவு வாங்கிக்கொண்டிருக்கும்.

டயர் கடைச் சந்தானம் கை துடைத்தபடி வந்து குனிந்தார். "இன்னா சம்பந்தம், யாரு கைவேல? தோரணத்துக்கு ஒண்ணு கெடச்சுதா?"

சம்பந்தம் வெளியே வந்தார். உள்ளங்கையில் கனெக்டர். அதன் கழுத்தில் சிவப்பு ஸ்லீவ்.

"என்னுது."

சம்பந்தம் ஸ்லீவை ஓரமாகத் தள்ளி நீலாவிடம் காட்டினார். ஈயம் முடியும் இடத்தில் வயர் கத்தியால் வெட்டியதுபோல் அறுந்திருந்தது. "ஈயம் ஊறுன வரைக்கும் வயரு கல்லு மாதிரி. அதுக்கப்புறம் ஆடுது. வண்டி குலுங்கக் குலுங்க அந்த ஓரத்துலயே முறிஞ்சிருக்கு. மேல ஸ்லீவு இருந்ததால தெரியல. சில நேரம் தொட்டுக்கிச்சு, சில நேரம் தொடல. நீ சரியாத்தான் சொல்லியிருக்க. நாந்தான் கேக்கல."

"இப்ப ஓடுமாண்ணா?" என்றார் நீலா. அவருக்கு வேண்டியது அதுதான்.

சம்பந்தம் வயரில் கறுத்திருந்த பகுதியை வெட்டி எறிந்தார். செம்பு பளபளக்கும் வரை சீவினார். புதுக் கனெக்டரில் நுழைத்துக் கிடுக்கியால் இறுக்கினார். பின் இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். ஈயம் உருக்கும் சாதனம் ஆணியில் தொங்கியபடியே இருந்தது. இன்னொரு சிவப்புத் துண்டை மாட்டி, வயர் ஆடாதபடி பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். மைனஸை மாட்டினார்.

முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. அணைத்துவிட்டுத் திரும்பத் திருப்பச் சொன்னார். எடுத்தது. மறுபடி.

ஆறாவது முறை நீலாவே, "போதும்ணா, பேட்டரி இறங்கிடப் போவுது," என்றார்.

"புது பேட்டரிதானே."

நீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாக இருக்கலாம். சம்பந்தம் சிரிக்கவில்லை. "அந்த பிரசாத் நம்பரு போட்டுக் குடு," என்று கையை நீட்டினார்.

தெலுங்கில் பேசினார், நின்றபடியே. குற்றம் வண்டியுடையது இல்லை, ஓட்டுபவருடையதும் இல்லை. ஜாயின்ட் போட்டது நான், தப்பு என்னுடையது. நேற்று போனில் தவறாகச் சொன்னதும் நான். என் பெயர் சம்பந்தம், போவன்பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறுமுனை பேசியதைக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டுக்கு முன்ன கேட்டுல நில்லுன்னு சொல்றாரு. டிரிப்பு உன்னுதுதான். போ."

பன்னிரண்டே காலுக்கு வேன் கிளம்பியது. அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்திருந்தவர், உள்ளே வந்து தோரணத்தின் ஒரு முனையை அவிழ்த்தார்.

"யோவ், அந்த ஸ்லீவ உருவிட்டு மாட்டுய்யா," என்றார் சந்தானம். "யாருக்குத் தெரியப் போவுது?"

சம்பந்தம் கனெக்டரைக் கோத்து முனையை முறுக்கினார். அது திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தொங்கியது. ஒரு விரலால் அதைத் திருப்பி, சிவப்பு தெருப்பக்கம் தெரியும்படி நிறுத்தினார்.