லேலத்தில் சுற்றிய கேரட் உருண்டை

துருவிய கேரட்டைத் துணியில் கட்டிப் பிழியும்போது ஒரு பச்சை வாசனை வரும். அதோடு அடுப்பில் கருப்பட்டி உருகும் வாசனையும் சேர்ந்து கேரள எல்லையோரம் எங்கள் பாறசாலை வீட்டை நிறைத்திருந்த அந்த மூன்று மாதங்களில் எனக்குப் பத்து வயது. வாசனை நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அது வந்துகொண்டிருக்கும்வரை அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா வளைகுடா நாட்டில் ஓர் ஓட்டலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் அவரிடம் கூச்சம் தெளிந்து பேசத் தொடங்குவதற்குள் பெட்டி கட்டிவிடுவார். அந்த முறை வேலை போய் வந்திருந்தார். அம்மாவுக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வேலை. காலை ரயிலுக்கு அவள் ஓடியதும் அடுக்களை அப்பாவின் கைக்குப் போய்விடும். அவலை வறுத்துப் பொடித்து, ஈத்தப்பழம் என்று நாங்கள் சொல்லும் பேரீச்சையை மசித்து, பிழிந்த கேரட்டையும் பீட்ரூட்டையும் சேர்த்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகை ஊற்றி, சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து உருட்டி, கடைசியில் தேங்காய்ப்பூவில் ஒரு புரட்டு புரட்டுவார். எண்ணெய் வேண்டாம், பேக்கரிக்காரர்களின் "போர்மா" அடுப்பும் வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் கையில் ஒட்டாமல் இறுகிவிடும். சாம்பாரில் கிடக்கும் கேரட்டை இலையோரம் ஒதுக்குகிற நான், அந்த உருண்டையில் நாலைந்தை நின்ற நிற்பில் விழுங்குவேன்.

ஊருக்கு இது வேடிக்கை. அப்பாவின் அக்கா கணவர் ஞானதாஸ் மாமா அடுத்த வீட்டுக்காரர், வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எலே, அவியலுக்குப் போடுறத உருட்டி வச்சா பலகாரம் ஆயிருமா? முந்திரிக்கொத்து தின்னு வளந்த ஊராக்கும் இது" என்பார். அப்பா சிரித்து வைப்பார். அதற்குள் வளைகுடாவிலிருந்து புது விசாவும் வந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "அறுப்புப் பண்டிகைக்குக் கொண்டு போறேன். நாலு பேரு வேணும்னு கேட்டா இங்கேயே செய்து பிழைச்சுக்கலாம். இல்லேன்னா போக வேண்டியதுதான்." அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் கேரட்டைப் பற்றியதாகவே இருந்தது.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகையன்று அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அவற்றை "லேலம்" விளிப்பார்கள், அதாவது ஏலம் விடுவார்கள். அதில் ஒரு மரியாதை உண்டு. பணம் கட்டி எடுத்தவர் பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "திரும்ப விளியுங்க" என்று சபைக்கே கொடுத்துவிடுவார். காணிக்கையாக வைத்தவனுக்கு அது பெரிய கௌரவம். ஒரே சேவல் ஏழு பேரிடம் போய் ஏழு முறையும் மேடைக்குத் திரும்பி வந்து கூவியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் டப்பாவை முதலில் எடுத்தவர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஞானதாஸ் மாமாதான். என்ன கேலி பேசினாலும் மச்சினனைச் சபையில் விட்டுக்கொடுப்பாரா? நெஞ்சை நிமிர்த்தி, "திரும்ப விளியுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே, அதற்கடுத்தவரும் அப்படியே. டப்பா சுற்றச் சுற்ற நான் கைதட்டினேன். அப்பா இனி எங்கும் போக மாட்டார் என்று உள்ளுக்குள் துள்ளினேன். அப்பாவோ நெளிந்துகொண்டிருந்தார். பச்சைத் தேங்காயும் பச்சைக் காயும் கலந்த பண்டம், வெளியே எடுத்தால் சீக்கிரம் தின்றுவிட வேண்டும். ஆனால் ஆண்டவருக்கென்று திருப்பிக் கொடுப்பவரிடம், கொடுக்காதே, தின்னு என்று எப்படிச் சொல்வது?

நாலு மணிக்குக் கடைசியாக எடுத்த ஆசிரியர் ஒருவர்தான் டப்பாவைத் திறந்தார். ஒன்றை வாயில் போட்டார், அதற்குள் புளித்துப் போயிருந்தது, முகம் கோணியது, எழுந்து போய் துப்பிவிட்டு வந்தார். பந்தலில் சிரிப்பு கிளம்பியது. அப்பா மீதி உருண்டைகளோடு டப்பாவை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஊர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை அப்பா விசாக் காகிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். அப்போதுதான் பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமினா அக்கா முற்றத்தில் கூடையை இறக்கினாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் அப்பாவைப் பார்த்து, "கரையில லேலம் விளிச்சா அப்பவே ஐசு போட்டுத் தூக்கிருவோம். மீன எவனாவது திருப்பித் திருப்பி விளிப்பானா அண்ணா? ஒங்க பண்டமும் மீனு போலயாக்கும். ஒண்ணு குடுங்க பாப்போம்" என்றாள். டப்பாவுக்குப் போகாமல் ஃபிரிட்ஜிலேயே மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு. பிள்ளையளுக்கு நாலு பொதிஞ்சு தாங்க" என்றாள். அப்பா காகிதத்தை மடித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் புது தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, ஓய்வுநாள் பள்ளி விடும் நேரத்தில் சபை வாசலில் நின்று, பிள்ளைகளின் உள்ளங்கையிலேயே உருண்டைகளை வைத்தார். திருப்பிக் கொடுக்க யாருக்கும் வழியில்லை. பிள்ளைகள் வீட்டில் போய் அடம்பிடித்தார்கள். அதே வாரம் பக்கத்து ஊரான செங்கலில் ஒரு பிறந்தநாளுக்கு ஆர்டர் வந்தது, பிறகு அம்மாவின் ஆபீசிலிருந்து. மாதக் கடைசி வந்தது, போனது. அப்பா போகவில்லை.

இப்போது அவருக்கு ஸ்டேஷன் சாலையில் ஒரு சிறு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்திருக்கும் உருண்டைகளை, ரயிலுக்கு ஓடும் ஆட்கள் வாங்கிப்போகிறார்கள். சபையில் தின்பண்டத்தைத் திருப்பி விளிக்கும் வழக்கமும் போய்விட்டது. எடுத்தவர் அங்கேயே பிரித்துப் பங்குவைக்க வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டு மாற்றியவர் ஞானதாஸ் மாமா. அந்த மரியாதை மறைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் ஊரில் புறப்படுகிறவர் "வாறேன்" என்று சொல்லித்தான் படியிறங்குவார். என் சிறுவயதில் அப்பா அதைச் சொன்னால் இரண்டு வருடம். இன்று காலையும் பையை எடுத்துக்கொண்டு, "மக்கா, கேரட்டு வாங்கிட்டு வாறேன்" என்று கிளம்பினார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.