பாதாளக் கரண்டிக்கு ஓர் அண்டா

அப்பாவுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வீரம் வரும். அது இரண்டாம் சனிக்கிழமை. மேலநீலிதநல்லூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வேலை நாட்களில் காலையில் பஸ் ஏறிப் போய், இருட்டுகிற நேரத்தில் தூசியும் தலைவலியுமாகத் திரும்புகிற மனிதர், ஆபீஸ் இல்லாத அந்தச் சனிக்கிழமையில் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பிரித்து மாட்டப் புறப்பட்டுவிடுவார். கூலிக்கு ஆள் வைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அவர் செய்த வேலையைச் சரிசெய்ய அம்மா திங்கட்கிழமை ஆள் கூப்பிடுவாள். இது இருவரும் பேசி வைத்துக்கொண்டதுபோல நடக்கும்.

அது கார்த்திகை மாதம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். மழைக்குப் பிறகு எங்கள் புறவாசல் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடந்தது. கிணற்றுக்கு மேலே நீண்டிருந்த கொப்பிலிருந்து அவை பொத்துப் பொத்தென்று தண்ணீருக்குள் விழுந்தன. அம்மா குடிதண்ணீரை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டினாள்.

"இந்தக் கொப்ப வெட்டாம நான் இனி உலை வைக்க மாட்டேன்" என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா ஸ்டூல் மீது ஏறினார். முதல் வெட்டில் அரிவாளின் பிடி கழன்றது. அதைத் தட்டிப் பொருத்தி இரண்டாவது வெட்டு வெட்டினார். முருங்கை பருத்தால் தூணாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் வெட்டிய இடத்தை விட்டுவிட்டு அதற்கு ஒரு முழம் பின்னால் முறிந்து, கொப்பு மொத்தமாகக் கிணற்றின் மேல் சாய்ந்தது. கப்பி மாட்டியிருந்த கட்டை நடுவில் ஒடிந்தது. கப்பி, கயிறு, வாளி மூன்றும் ஒன்றின்பின் ஒன்றாக உள்ளே போயின. சத்தம் அடங்கிய பிறகு அப்பா ஸ்டூலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"கொப்பு விழுந்துட்டுல்லா" என்றார், வேலை முடிந்தது என்கிற தொனியில்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. காரணம் வாளி அல்ல. வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி வேண்டும். இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்தச் சாமான் எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அது மதிலுக்கு அந்தப் பக்கம், இரண்டு பவர்லூம் தறி ஓடுகிற வீடு. அந்த வீட்டு அக்காவோடு அம்மா பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பாதாளக் கரண்டியை இரவல் வாங்கினால் பதிலுக்கு ஒரு பாத்திரத்தை அடகாக வைத்துவிட்டு வர வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் இதுதான் வழக்கம். வாளி கிடைத்ததும் கரண்டியை மூலையில் போட்டு மறந்துவிடுவார்கள் என்பதற்காக யாரோ ஏற்படுத்தியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் செம்பை வைத்துவிட்டுக் கரண்டி வாங்கி வந்தாள். அடியில் அவளுடைய அப்பா பெயரின் முதலெழுத்து புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். கரண்டி திரும்பிப் போயிற்று. செம்பு வரவில்லை என்றாள் அம்மா. மதில் வழியாக எட்டி உங்கள் கிணற்றுத் திட்டிலேயே வைத்துவிட்டேனே என்றார் அக்கா. வைத்திருந்தால் இருக்க வேண்டுமே என்றாள் அம்மா. அதுவரை ஒரே கிண்ணத்தில் குழம்பு மாறிக்கொண்டிருந்த இரண்டு பேர் அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிணற்றுக்குள் தேடிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் அந்தக் கரண்டிதான் வேண்டும். அதனால் யாரும் தேடவில்லை. அம்மா வாளி விழாமல் மட்டும் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள்.

"கரண்டி எதுக்கு, நான் எடுத்துத் தாரேன்" என்றார் அப்பா. கைப்பிடி வளைந்த அவருடைய கறுப்புக் குடையைத் தலைகீழாகக் கயிற்றில் கட்டி, கூடவே ஒரு கல்லையும் கட்டி இறக்கினார். மத்தியானம் முழுக்கத் துழாவினார். ஆச்சரியமாக, ஒரு தடவை வாளி மாட்டியது. பாதிக் கிணறு வந்தபோது முடிச்சு நழுவி, குடையும் வாளியோடு போயிற்று. அன்றிரவு பக்கத்துத் தெருவில் கடன் வாங்கிய ஒரு குடம் தண்ணீரில் எங்கள் வீட்டின் சமையல், குளியல், கோபம் எல்லாம் நடந்தன.

ஞாயிறு காலை அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, போய்க் கரண்டி கேளு. அடகுக்கு இதக் கொண்டு போ."

அவள் காட்டியது அண்டாவை. தீபாவளிக்கு வெந்நீர் போடுகிற, இரண்டு பேர் பிடிக்கிற பித்தளை அண்டா.

"இவ்வளவு பெருசா எதுக்கும்மா?"

"இதத் தொலைச்சுட்டு வச்சிட்டேன்னு சொல்ல முடியாதுல்லா."

அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியாகப் போனேன். எதிரே வந்தவர்களின் கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. கூச்சமாக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது. அக்கா அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்கம்மாவுக்கு அம்புட்டு பயமா எம்மேல?" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருடைய மருமகள் கரண்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். முன்பெல்லாம் எனக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்த அந்த மதினி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவும் நானும் கிணற்றடியில் நின்றோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். கரண்டியை இறக்கி, தரை தட்டியதும் இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன வரும் என்று எனக்குக் கை பரபரத்தது. முதலில் வாளியும் கயிறும் கப்பியும் வந்தன. அப்புறம் குடை. அதற்குமேல் தேவையில்லைதான், ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை. ஓர் எண்ணெய்க் கரண்டி வந்தது. யாருடையது என்றே தெரியாத ஒரு பூட்டு, சாவி இல்லாமல் பூட்டியபடி வந்தது. அதற்கடுத்த தடவை, கொக்கியின் நுனியில் கழுத்து மாட்டி, சேறு வழிய, செம்பு வந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கி அடியைத் துடைத்தார். புள்ளி எழுத்து தெரிந்தது. அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"திரும்ப உள்ளயே போட்டுருவோமா?" என்றார் மெதுவாக.

எதையும் துருவித் துருவிக் கேட்கிற நான் அந்த நிமிஷம் சரியென்று தலையாட்டினேன். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. செம்பு காணாமல் போன அந்த நாட்களில் சாயங்காலம் தண்ணீர் இறைப்பது என் வேலை. மங்கலான நேரத்தில் வாளியை அவசரமாகத் திட்டில் இழுத்து வைத்தபோது எதுவோ டொங்கென்று விழுந்த சத்தம் ஒருநாள் கேட்டிருந்தது. வாளி சுவரில் இடித்தது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அது எந்த நாள் என்று அன்றுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"இங்க கொண்டாங்க" என்றாள் அம்மா. எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியாது.

அடுப்புச் சாம்பலும் புளியும் போட்டு அந்தச் செம்பை அவள் தேய்த்தாள். சேறு போன பிறகும் தேய்த்தாள். பிறகு முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, செம்பைத் தான் எடுத்துக்கொண்டு கரண்டியை என்னிடம் தந்தாள். மதில் பக்கம் கூப்பிட்டாலே போதும். அவள் தெருவைச் சுற்றி வாசல் வழியாகப் போனாள்.

"அக்கா, கிணத்துக்குள்ள கெடந்துட்டு" என்று செம்பை நீட்டினாள்.

அக்கா செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கே சந்தேகம் வந்துட்டு, தெரியுமா" என்றார். "வச்சமா, வைக்கலையான்னு. பரண ரெண்டு தடவ இறக்கிப் பாத்தேன். கடைசியில மருமவகிட்டயே கேட்டுட்டேன், ஒங்க அம்மா வீட்டுக்குக் கொண்டு போயிட்டியான்னு. அவ மூணு நாள் சாப்பிடல. இன்னும் சரியாப் பேச மாட்டுக்கா."

அம்மா அக்காவிடம் கேட்பதற்கு ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது இந்த இடத்துக்குப் போதவில்லை. அவள் முகத்தில் அதைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து மருமகள் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் முன்னால் நிறுத்திவிட்டு அதன் விளிம்பிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"சித்தி, வாங்கிட்டேன்னு சொல்லுங்க."

"வாங்கிட்டேம்மா."

அவர் கையை எடுக்கவில்லை. பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னாள்.

"அன்னைக்கும் செம்பு வந்து சேந்துட்டும்மா. நாந்தான் பாக்கல."

மருமகள் கையை எடுத்தார். நான் சொல்ல வேண்டிய வார்த்தையைத்தான் அம்மா சொன்னாள் என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்டாவை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். முகம் மறைந்தது. வீடு வரைக்கும் அம்மாவின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.